கோணியோட ஐந்து நிறுவை

ஆடி 16, வெள்ளி

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட லுங்கி பக்கத்து மனையில் கிடந்தது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியுமுன்னே. பத்து மணிக்கு ஊற்ற வேண்டிய கூழ் பதினொன்றரைக்கு. என் முறை வந்தபோது வெங்காயம் தீர்ந்திருந்தது.

நோட்டின் தலையில் டீச்சர் வருஷத்தை எண்ணால் போட்டார். அடிக்கச் சொன்னேன். எடை என்றால் எனக்கு எண் நிற்கும். வருஷத்துக்கு நிற்காது. நான் போட்டால் இப்படித்தான்: தாம்பரத்தில் ஏறின வெளியூர் பஸ் எல்லாம் கிளாம்பாக்கம் போய் இரண்டாவது ஆடி. டீச்சருக்கு வலது கண் ஆபரேஷன் ஆன வருஷம். பழைய பேப்பர் கடை காதர் பாய் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் இறந்துபோன வருஷம். என் வீட்டுக்காரி சரோஜா இல்லாத முதல் ஆடி.

சொல்வது நான், ஏழுமலை. கைநாட்டு. எழுதுவது பக்கத்து வீட்டு டீச்சர். புது வக்கீலம்மாதான் சொன்னார்: "ஞாபகம் வர்றதெல்லாம் அப்பப்ப எழுதி வைங்க ஐயா, அப்பீலுக்கு யூஸ் ஆகும்." அவருக்கு வேண்டியதை அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்த நோட்டு எனக்கு. சரோஜா இருந்தால் நோட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

"யாருக்கும் காட்டக் கூடாது டீச்சர். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு பைபிள்ல இருக்கு. சொன்னா சொன்னதுதான்."

படித்துக் காட்டச் சொன்னேன். நான் 'சொன்னான்' என்றதையெல்லாம் 'கூறினான்' என்று எழுதியிருந்தார். வேறு யாரோ பேசுவது போல இருந்தது. மாற்றினார். வக்கீலம்மாவை இனி 'வ.' என்றே போடுவாராம். கை வலிக்கிறதாம்.

விஷயம் இதுதான். என் மகன் பாபு மாடி அறையில் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்த்தான். விற்கத்தான். பத்து வருஷம் தீர்ப்பு. புழல் ஜெயில். அப்பீல் ஹைகோர்ட்டில், வருகிற 26, திங்கள். அவனைப் பிடித்தது போலீஸ். பத்து வருஷம் வாங்கிக் கொடுத்தது நான்.

ஆடி 17, சனி

மோட்டார் ஓடவில்லை. காயில் போயிருக்கும். எலக்ட்ரீஷியன் நாளைக்கு என்கிறான். அவன் நாளைக்கு எந்த நாளைக்கோ.

நிறுவையைப் பற்றி.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் முப்பத்திநாலு வருஷம் தராசு பிடித்தேன். மற்ற நாளில் மண்டியில். எழுதத் தெரியாது. சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்து உட்காருவார். காலையிலிருந்து நிறுத்தது அத்தனையும் ஒன்றுவிடாமல் வாயால் சொல்வேன். ஒரு நாளும் தப்பியதில்லை. நிறுக்கிறவனுக்கு அங்கே சில சட்டம். முள் நின்ற பிறகுதான் வாய் திறக்க வேண்டும். கோணியோடு நிறுத்தால் 'கோணியோட' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கோணிக்கு எவ்வளவு கழிப்பது என்று அவன் பேசக் கூடாது. அது வாங்குகிறவனும் விற்கிறவனும் பேசிக்கொள்வது. நிறுவை நடக்கும்போது எவன் பேசினாலும் அதட்டலாம், முதலாளியாக இருந்தாலும்.

போலீஸ் வந்தது கொரோனா இரண்டாம் அலைக்கு அடுத்த தை. மாட்டுப் பொங்கல் கழித்து மூன்றாம் நாள். காலை இட்லி சட்டி அடுப்பில். நாலு போலீஸ். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று பக்கத்து வீடுகளில் கேட்டார்கள். யாரும் வரவில்லை.

டீச்சர் பேனா நின்றது.

"எழுதுங்க."

எழுதினார்.

கிராமத்துத் தலையாரி முனுசாமி ஒரு ஆள் கிடைத்தார். இன்னொரு ஆள் இல்லை. சரோஜா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள். மேலே செடிகளைத் தொட்டியிலிருந்து வேரோடு, மண்ணோடு பிடுங்கி ஐந்து கோணியில் திணித்தார்கள். அன்று காலைதான் பாபு தண்ணீர் ஊற்றியிருந்தான். கோணி நனைந்து சொட்டியது. கொண்டுவந்த எலக்ட்ரானிக் தராசில் எண் வரவில்லை. காதர் பாய் கடையிலிருந்து தொங்கு தராசு வந்தது, பாயும் கூடவே மாடிக்கு வந்தார். ஒரு காவலர் பிடித்தார். கோணி தரையில் உரசிக்கொண்டிருக்க, முள் ஆடிக்கொண்டிருக்க, எடை சொல்லப் போனார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"குடுங்க சார், நான் நிறுக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "யோவ், நீ அக்யூஸ்டோட அப்பன்யா."

"அதனால இன்னா சார்? முள்ளு அப்பனுக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு காட்டுமா?"

ஏன் அப்படிப் பேசினேன்? தெருவே கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தலை நிமிர எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

கோணியோட நாலு எண்ணூறு.
கோணியோட அஞ்சு நூறு.
கோணியோட நாலு அறுநூறு.
கோணியோட நாலு தொள்ளாயிரம்.
கோணியோட மூணு எழுநூறு.

மூன்றாவது கோணியின்போது பாபு, கையில் விலங்கோடு, "அப்பா, கோணி… மண்ணு வேற…" என்றான்.

"வாய மூட்றா. நிறுவை நடக்குது."

மூடினான்.

ஐந்தும் முடிந்தது. இப்போது யாராவது கழிவு பேசுவார்கள் என்று தராசோடு நின்றேன். யாரும் பேசவில்லை. சந்தையில் வாங்குகிறவன் பேசுவான். இங்கே வாங்குகிறவன் யார்? எழுத்தர் எழுதினார்: கஞ்சா, இருபத்திமூன்று கிலோ நூறு கிராம். அந்தக் காகிதத்துக்கு மகஜர் என்று பேர். இரண்டாம் சாட்சியாக என் பெருவிரல்.

இருபது கிலோவுக்கு மேல் போனால் பத்து வருஷத்துக்குக் குறையாது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால்? தெரியாது. சந்தைச் சட்டத்தை மீறியிருப்பேனா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. அடையாற்றில் பெருக ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக் தவிர. எலக்ட்ரீஷியன் வரவில்லை. டீச்சர் சர்ச் முடிந்து வந்தார். கேரியரில் பிரிஞ்சி. உப்புக் கம்மி. சொல்லவில்லை.

மாடி கட்டியது வெள்ளத்துக்கு அப்புறம். அந்த வருஷம் கீழே கழுத்தளவுத் தண்ணீர். அடுத்த முறை ஏறி நிற்க ஒரு இடம் என்றுதான் அந்த அறை. பாபு அப்போது மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில். கொரோனாவில் ஆட்களைக் குறைத்தார்கள். ஆறு மாதம் கட்டிலில் கிடந்தான். பிறகு எவனோ விதை கொடுத்தான். அவன் ஓடியவன்தான், இன்னும் அகப்படவில்லை. எங்களிடம் சொன்னது: "காளான் வளக்கறேன்பா."

நான் பார்த்தும் கேட்காதவை:
ஜன்னலுக்கெல்லாம் வெள்ளித்தாள்.
ஒரு அறைக்கு இரண்டு ஏசி.
கதவின் கீழே இராப்பகலாக ஊதா வெளிச்சம்.
புதுப்பூட்டு. அதன் சாவி கழுத்துக் கயிற்றில், குளிக்கும்போதும்.
வாடை. கூவத்து வாடையும் இல்லை, பச்சிலை வாடையும் இல்லை.

சரோஜா கேட்டாள். "காளானுக்கு எதுக்குய்யா இத்தினி ஏசி?"

"உனக்கு இன்னா தெரியும், சும்மா கெட."

இதை எழுதிவிட்டு டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காளானுக்கு வெளிச்சமே வேண்டாம் ஐயா. எட்டாங்கிளாஸ் பாடம். இருபத்தாறு வருஷம் நடத்தியிருக்கேன். உங்க மாடி ஜன்னல் ஓரத்துல வெளிச்சம் கசியும். பார்த்தப்பவே எனக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லி இருக்கலாமே டீச்சர்."

"சார்தான் வேண்டாம்னார். அடுத்த வீட்டு விஷயம்னு."

சார் என்றால் அவர் வீட்டுக்காரர், டேனியல் சார். போன மழையில் தவறிவிட்டார். நல்ல மனுஷர். குரோட்டன்ஸ் செடிக்கு மட்டும் சண்டை போடுவார்.

பிரிஞ்சி ஆறிவிட்டது.

ஆடி 20, செவ்வாய்

புழல். மூன்று பஸ். மனு போட்டு, ஆதார் காட்டி, இரண்டரை மணி நேரம் பெஞ்சில். பக்கத்தில் ஒரு அம்மா மருமகனைப் பார்க்க வந்தது. "கல்யாணம் பண்ணிக் குடுத்ததே தப்பு, அதுக்கு பஸ் சார்ஜ் வேற," என்றது. நான்கூடச் சிரித்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாபு. காதோரம் நரை. போன் கரகரவென்றது.

"சாப்ட்டியா பா?"

"சாப்ட்டேன். நீ?"

"இங்க ஞாயித்துக்கிழமை சிக்கன் போட்றாங்க. வெளிய இருந்தப்ப கூட நான் வாராவாரம் துன்னதில்ல."

கேட்டேன். "அன்னிக்கு நிறுக்கும்போது கோணின்னியே. ஞாபகம் கீதா?"

"கீது. நீ அதட்டின. சின்ன வயசுல சந்தைல தராசு கிட்ட வந்தா அதட்டுவ இல்ல, அதே மாரி. அப்டியே ஆஃப் ஆயிட்டேன்." சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "அப்பா, அதுக்காக நான் செஞ்சது இல்லன்னு ஆயிடாது. வளத்தேன். வித்தேன். காலேஜ் பசங்கதான் வாங்குனாங்க. ஒரு பையனோட அம்மா கோர்ட்டுக்கு வந்து ஒண்ணும் பேசாம என்னையே பாத்துக்கினு ஒக்காந்துச்சு. கோணிய கழிச்சா அது குறையுமா?"

"அது எனக்குத் தெரியாதுடா. எடை குறையும்."

நேரம் முடிந்தது. மோட்டார் சரியானதைச் சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, மோட்டார் இன்னும் சரியாகவில்லை. அவனிடம் சொல்வதற்கு ஒரு நல்ல சேதி வேண்டியிருந்தது.

ஆடி 21, புதன்

தூறல். முழங்கால் வலி.

சாட்சிக்கூண்டில் நின்ற நாளைப் பற்றி. பழைய வக்கீல் முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தார். "ஒண்ணும் ஞாபகம் இல்ல, வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வாங்கினாங்கன்னு சொல்லு பெருசு. அது போதும்." தலையாட்டினேன். மனசார ஆட்டினேன்.

சர்க்கார் வக்கீல் நல்ல மாதிரி. "எடை ஞாபகம் இருந்தா சொல்லுங்க பெரியவரே. வயசாயிடுச்சு, இல்லன்னாலும் பரவாயில்ல," என்றார்.

அந்தப் பரவாயில்லைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

ஐந்து எடையும் சொன்னேன். மண்டியில் கணக்குப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரியே, அதே குரலில், நிறுத்தாமல். நீதிபதி தலை தூக்கினார். டைப் அடிக்கிற பெண் ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டு அடித்தது. எனக்குள்ளே ஒரு சந்தோஷம், அதையும் எழுதுங்கள் டீச்சர், மறைக்க வேண்டாம். கூண்டிலிருந்து இறங்கி பாபு முகத்தைப் பார்க்கும்வரை இருந்தது.

தீர்ப்பில் எழுதியிருந்தார்கள்: படிக்காதவர் ஆனாலும் நினைவு பிசகாத சாட்சி, பெற்ற தகப்பனே சொல்வதால் நம்பத்தக்கது.

வீட்டுக்கு வரும்போது ரயிலில் சரோஜா குரோம்பேட்டை வரைக்கும் வாய் திறக்கவில்லை. அப்புறம், "உனக்கு மறக்கவே மறக்காதாய்யா?" என்றாள். அதற்குப் பிறகு, போகிற வரைக்கும், எதையும் ஞாபகம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டதில்லை. பால் கார்டு எங்கே என்றுகூட.

ஆடி 23, வெள்ளி

எலக்ட்ரீஷியன் வந்தான். காயில்தான்.

மத்தியானம் வ. போன். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, உங்க சாட்சியம் படிச்சிட்டிருக்கேன். ஒவ்வொரு எடைக்கும் முன்னாடி 'கோணியோட', 'கோணியோட'ன்னு அஞ்சு தடவை டைப் ஆயிருக்கு. நீங்கதான் சொன்னீங்களா?"

"நான்தான்மா. கோணியோட நிறுத்தா அப்படித்தான் சொல்லணும்."

"மகஜர்ல கோணின்னே வார்த்தை இல்ல ஐயா! வெறும் கஞ்சான்னு இருக்கு. அந்தக் கோணி எவ்ளோ வெயிட் இருக்கும்?"

"காஞ்சது முக்கா கிலோ. அன்னிக்கு நனைஞ்சிருந்துது, ஒரு கிலோவுக்கு வரும். காஞ்சதுன்னே வெச்சிக்க. அஞ்சு கோணிக்கு மூணே முக்கா. மீதி பத்தொம்போது முந்நூத்தி அம்பது. மண்ணு, வேரு தனி."

அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம்.

"ஐயா. இதை ஏன் நீங்க ட்ரயல்ல சொல்லல?"

"யாரும் கேக்கலம்மா. கழிவு பேசறது நிறுக்கிறவன் வேலை இல்ல."

வ. ஏதோ இங்கிலீஷில் சொன்னார். திட்டா என்று டீச்சரைக் கேட்டேன். "திட்டு மாதிரிதான், ஆனா இல்லை," என்றார்.

இருபதுக்குக் கீழே வந்தால் பத்து வருஷம் கட்டாயம் இல்லையாம். உள்ளே இருந்தது போதும் என்று விட்டாலும் விடலாமாம். அதாவது நான் இருக்கும்போதே.

சாயங்காலம் சரோஜா படத்துக்குப் பூ. இரண்டு முழம் வாங்கினேன். ஒரு முழம்தான் எப்போதும்.

ஆடி 26, திங்கள்

தாம்பரத்தில் ரயில், கோட்டையில் இறங்கி நடை. டீச்சரும் வந்தார். அவருடைய மகள் போனில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது: "அம்மா, அந்த வீட்டு கேஸுக்கு நீ எதுக்குப் போற? சர்ச்ல என்ன பேசுவாங்க?" டீச்சர் போனை அணைத்துப் பையில் போட்டார்.

கோர்ட்டில் ஏசி. நடுக்கம். எல்லாம் இங்கிலீஷ். 'கோணி' என்பதை மட்டும் வ. தமிழில் சொன்னார். நீதிபதி சர்க்கார் வக்கீலிடம் ஏதோ கேட்டார். அவர் காகிதம் புரட்டினார், புரட்டினார்.

வெளியே வராந்தாவில் வ. சொன்னது: நீதிபதி ஒத்துக்கொள்கிற மாதிரிதான் இருக்கிறார். ஆனால் கோணியைத் தனியே நிறுக்கவில்லை என்பதற்கு அப்பாவின் வார்த்தை மட்டும் போதாது. கோணியைக் கழித்த பிறகு வந்த எடைகள்தான் அவை, 'கோணியோட' என்பது பெரியவரின் வாய்ப்பழக்கம் என்கிறது போலீஸ். வேறு ஆள் சொல்ல வேண்டும். பத்து நாள் தந்திருக்கிறார்.

"மேல நின்னு பார்த்தவங்க, பாபு கோணின்னு சொன்னதைக் கேட்டவங்க, போலீஸும் இல்லாம உங்க சொந்தமும் இல்லாம யாராவது உயிரோட இருக்காங்களா ஐயா?"

"வூட்டுக்குப் போய் யோசிச்சு சொல்றேன்மா."

வ. சிரித்தார். "நீங்களா யோசிக்கணும்?"

டீச்சர் ஆலமரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். குரோம்பேட்டை தாண்டியும் அவர் பேசவில்லை.

ஆடி 27, செவ்வாய்

காற்று இல்லை. இலை அசையவில்லை.

டீச்சர் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நோட்டைத் திறந்தார். "பேர் பேரா சொல்லுங்க. எழுதறேன்."

"இன்னிக்கி வேணாம் டீச்சர்."

"சொல்லுங்க ஐயா."

அன்று மேலே இருந்தவர்கள், போலீஸையும் பாபுவையும் தவிர:

தலையாரி முனுசாமி. முதல் சாட்சி. மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

காதர் பாய். தராசு கொடுத்தவர். கோணி என்று பாபு சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய பேப்பர்க்காரருக்குக் கழிவு தெரியாதா? நான் சொல்வேன் என்று அவர் நினைத்தார். போய்விட்டார்.

சரோஜா. சொந்தம். உயிரோடு இருந்தாலும் எடுபடாது. இல்லை.

நான். எடுபடாது.

நிறுத்தினேன். டீச்சர் எழுதிக்கொண்டே, தலை தூக்காமல் பேசினார்.

"சாட்சிக்கு முதல்ல எங்க வீட்லதான் கேட்டாங்க. சார் கதவைச் சாத்தினார். நாங்க வந்திருந்தா அவங்க உங்க கைநாட்டைக் கேட்டிருக்க மாட்டாங்க."

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் மனசு கேக்காம பின் வாசல் வழியா வந்தேன். சரோஜாவுக்குத் தண்ணி கொடுத்துட்டு மேல்படில நின்னேன். பாபு சொன்னது கேட்டது. கோணியைத் தனியா யாரும் தூக்கல. அதையும் பார்த்தேன்."

"தெரியும். நீலப் புடவை. கைல எவர்சில்வர் சொம்பு."

"தெரிஞ்சும் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க?"

"நீங்களா சொல்வீங்கன்னு நின்னேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்குத் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இதே நிற்பு.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஐந்தாவது பேரை நானா எழுத மாட்டேன். நீங்க சொல்லணும். வாயைத் திறந்து சொல்லுங்க."

எழுதுங்கள். உயிரோடு இருப்பது ஒரே ஆள். மேல்படியில் நின்றவர். ஸ்டெல்லா டேனியல்.